உண்ணாநோன்பும் உடலிளைப்பும்

உடல் பருத்தலை நோயென அஞ்சி, அதனைக் குறைத்தற்பொருட்டுப் பொழுது வரையறுத்து உணவு கொள்ளும் பழக்கம் இஞ்ஞான்று உலகெங்கும் பரவியுளது. நாளின் 24 மணியுள் 8 மணி நேரத்திற்குள் உண்டு எஞ்சிய 16 மணி நேரமும் வறுவயிற்றினராய் இருத்தல், ஒரு நாள் உண்டு மறுநாள் ஒழிதல், கிழமையில் ஐந்து நாள் வழக்கம்போல் உண்டு இரண்டு நாள் மிகச் சுருக்குதல் என அது பல வகைப்படும். ஆங்கிலம் பயின்றோர் இதனை ‘இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்’ என வழங்குவர். தமிழில் இடையிட்ட உண்ணாமை எனலாம்.

இப்பழக்கம் சைவ இல்லங்களிலும் புகுந்துவிட்டது. புகுந்தவிடத்து ஒரு வழக்கும் உடன் எழுந்தது. “நம் முன்னோர் சோமவாரமும் சட்டியும் சிவராத்திரியும் வகுத்தது இப்பயன் கருதியே, மேனாட்டார் இன்று கண்டதனை அவர் என்றோ கண்டனர்” என மகிழ்வார் ஒரு சாரார். “உடலை அழகு செய்தற்கு உண்ணாதிருத்தல் நோன்பினைப் பழித்தலாம்” என வெகுள்வார் மற்றொரு சாரார். கந்தசட்டி ஆறு நாளும் நோற்று, ஏழாம் நாட் காலையில் திருக்கோயிலுக்குச் செல்லுமுன் நிறைகோலில் ஏறி நின்று குறைந்த எடையை நோக்கி உவக்கும் இளைஞரையும் நாம் காண்கின்றோம். அவர் செய்தது விரதமா, மருந்தா, இரண்டுமா என்னும் வினாவிற்கு விடை காண்டல் சைவ மக்களுக்கு இன்று இன்றியமையாததாயிற்று. உண்ணாமையின் வரலாற்றை முறையே நோக்கின் அவ்விடை தானே புலப்படும் என்பது எம் கருத்து.

சொல்லும் அதன் பொருளும்

உபவாசம் என்னும் வடசொல் ‘அருகில் வதிதல்’ எனப் பொருள்படும். யாருக்கு யார் அருகில் வதிதல்? சதபதப் பிராமணம் தன் தொடக்கத்திலேயே இதற்கு விடை கூறுகின்றது. வேள்விக்கு முன்னாளில் வேள்வி செய்வோன் இல்லத்திற்குத் தேவர்கள் வந்து அவன் அருகில் தங்குகின்றனர். அதனால் அந்நாள் உபவசதம் எனப்பட்டது. வந்த மக்கள் உண்ணாதிருக்கத் தான் முன்னுண்ணல் ஒருவனுக்குத் தகுதியன்று. வந்தவர் தேவராயின் அது தகாது என்பது கூறவும் வேண்டுமோ? ஆதலின் அவன் உண்ணாது இருத்தல் வேண்டும் என்பது அந்நூலிற் கூறப்படும் காரணம். உண்ணாமைக்கு அந்நூல் காட்டும் அடிப்படை விருந்தோம்பல் என்பது இதனாற் பெறப்படும். வயிற்றின் நலமாவது உடலின் நிறையாவது அங்குப் பேசப்படவில்லை. பௌத்தர்க்குரிய உபோசத நாளும் சமணர்க்குரிய போசத நோன்பும் இச்சொல்வழி வந்தனவே.

நோன்பு என்னும் தமிழ்ச்சொல் நோல் என்னும் வினையடியாகப் பிறந்தது. பொறுத்தல் என்பது அதன் பொருள். சங்க நூல்களில் உண்ணாமை பெரிதும் விளங்கித் தோன்றுவது வடக்கிருத்தலின்கண் ஆகும். வெண்ணிப் பறந்தலையிற் கரிகாலனோடு பொருது புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்துழி அவனை முன்பு கண்டறியாத பிசிராந்தையார் வந்து உடனிருந்து உயிர் நீத்தார். இவ்வுண்ணாமை மானத்தின்பொருட்டும் நட்பின்பொருட்டும் உயிரையே விடுத்தற்கு அமைந்தது.

பொழுது வரையறுத்து உண்டலும் பழமையுடையதே. நண்பகல் கழிந்தபின் மறுநாட் கதிரவன் தோன்றுமளவும் திண்பொருள் உண்ணாமை பௌத்தத் துறவிகட்கு விதி. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை சமணர்க்கு ஒழுக்கம். இருளிற் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து இறத்தலை அஞ்சி வகுக்கப்பட்டது அது. மனுநூல் பிராசாபத்தியம் என்னும் கிருச்சிரத்தை வகுக்குங்கால், மூன்று நாள் காலையில் மட்டும், மூன்று நாள் மாலையில் மட்டும், மூன்று நாள் கேளாது வந்த உணவு மட்டும் கொண்டு, இறுதி மூன்று நாள் முற்றும் உண்ணாதிருக்க என்கின்றது. சாந்திராயணத்திலோ தேய்பிறையில் நாளொன்றுக்கு ஒரு கவளமாகக் குறைத்து வளர்பிறையில் அவ்வாறே கூட்டுதல் வேண்டும். இக்காலத்தார் புதிதாகக் கண்டேம் என்னும் வகைகளுட் பல இவற்றுள் அடங்கும். ஆயினும் இவை தீவினைக்குக் கழுவாயாக விதிக்கப்பட்டனவேயன்றி உடலை மெலிவித்தற்கு வகுக்கப்பட்டன அல்ல. செயல் ஒன்றாயினும் செய்வோன் கருதும் பயன் வேறு என்பதனை ஈண்டு மனங்கொள்க.

சைவத்தில் விரதம்

விரதம் இன்னதென்பதனை யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சைவ வினாவிடை இரண்டாம் புத்தகத்தில் தெளிவுற வரையறுத்தார். மனம் புலன்வழிச் செல்லாது நிற்றல் நோக்கம். உணவை விடுத்தலோ சுருக்குதலோ அதற்குத் துணை. மனமொழி மெய்களாற் கடவுளை அன்போடு வழிபடுதல் அதன் உயிர். இம்மூன்றும் கூடியவழியே விரதம் நிரம்பும். வழிபாடின்றி உண்ணாதிருத்தல் பட்டினியாம். உண்ணாமை சிறிது குறையினும் வழிபாடு குறையாதாயின் அது விரதமாகவே நிற்கும்.

இது பற்றியே நம் பெரியோர் உண்ணாமையிற் படி பல வகுத்தனர். சிவராத்திரிக்கு முற்றும் உண்ணாமை தலையாயது. நீரேனும் பாலேனும் கொள்ளல் அதற்கு அடுத்தது. பழங்கொள்ளல் அதற்கும் கீழது. பணிகாரம் உண்டல் எல்லாவற்றினும் கடையாயது என்பர் நாவலர். சோமவாரம் முதலியவற்றில் முழுதும் உண்ணாதிருக்க இயலாதார்க்கு ஒருபொழுது உண்ணல் உண்டு. ஆயின் நான்கு யாமத்து வழிபாட்டிற்கு அத்தகைய படி இறக்கம் பெரிதும் இல்லை. எது தளரலாம், எது தளரலாகாது என்பதிலிருந்தே எது உயிர், எது உடல் என்பது விளங்கும். வறுவயிறே பயனாயின், பணிகாரம் உண்டோனை விரதியர் வரிசையில் வைத்திரார்.

உண்ணாமைக்குச் சைவர் போற்றும் தலைசிறந்த எடுத்துக்காட்டுத் திருநாவுக்கரசு சுவாமிகள் பழையாறை வடதளியிற் கிடந்த நிலையாகும். சமணராற் சிவலிங்கத் திருமேனி மறைக்கப்பட்டிருத்தலை அறிந்த சுவாமிகள், அதனைக் கண்டு வணங்கியல்லது அகலேன் எனத் துணிந்து அமுது செய்யாது இருந்தனர். இறைவன் மன்னனது கனவில் உணர்த்த, அவன் வந்து பணிந்து மறைப்பினை நீக்க, சுவாமிகள் திருமேனியைக் கண்டு தொழுதனர் எனச் சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்து அருளிச்செய்தார். அவ்வுண்ணாமை எத்துணை நாளைக்கு என்று முன்னர் அளவிடப்பட்டதன்று. காணுமளவும் என்பதே அதன் எல்லை. அதன் வெற்றி சுவாமிகளது உடலில் நிகழ்ந்த மாறுதலால் அறியப்பட்டதன்று; மறைந்த திருவுருவம் வெளிப்பட்டமையால் அறியப்பட்டது.

இலங்கணம் என்னும் மருந்து

அற்றேல், உடல்நலங் கருதி உண்ணாதிருத்தலை நம் முன்னோர் அறிந்திலரோ எனின், நன்கறிந்தனர். அதற்கு அவர் வேறு பெயரிட்டனர். வேறு நூலில் வைத்தனர். வேறு ஆசிரியர்பால் ஒப்புவித்தனர். அப்பெயர் இலங்கணம், அந்நூல் ஆயுள்வேதம், அவ்வாசிரியர் மருத்துவர்.

சரக சங்கிதையின் சூத்திரத்தானத்து 22-ஆம் அத்தியாயம் இலங்கணத்தை விரித்துரைக்கின்றது. உடலுக்கு இலேசு தருவன பத்து என எண்ணி, அவற்றுள் உபவாசத்தை ஒன்றாகவும் உடற்பயிற்சியை மற்றொன்றாகவும், வெயில் காய்தல், காற்றுக் கொள்ளுதல், நீர்வேட்கை பொறுத்தல் முதலியவற்றை ஏனையவாகவும் அது கூறும். அதற்கு முந்திய 21-ஆம் அத்தியாயம் மிகப் பருத்தவனை எடுத்துக்கொண்டு, ஆயுட் குறைவு, நடையில் தளர்ச்சி, மிக்க பசி, மிக்க வேட்கை முதலாக எட்டுக் குற்றங்கள் அவன்பால் உளவென்கின்றது. இன்னும் நுட்பமானதொன்று அங்கு உண்டு. மிகப் பருத்தவனுக்கு வயிற்றுத்தீ மிகுந்திருத்தலால், உண்ணும் பொழுது கடப்பின் அவன் கொடிய துன்பங்களை அடைவான் என்றும், ஆகலின் செரித்தற்கு அரிதாய் உடலை வளர்க்காததாய் உள்ள உணவே அவனுக்கு ஏற்றது என்றும் அந்நூல் கூறும். “பருத்தவன் பட்டினி கிடக்க என முன்னோர் அன்றே விதித்தனர்” என்று பொதுப்படக் கூறுவோர் இப்பகுதியைப் பயின்றிலர் போலும்.

திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்து, முன்னுண்டது அற்றமை அறிந்து, பின்னர் மிகப் பசித்து, அளவறிந்து உண்பானுக்கு மருந்து வேண்டா என்னும் கருத்தைப் பல்லாற்றான் வற்புறுத்தினார். தவம் என்னும் அதிகாரம் அறத்துப்பாலின்கண் துறவறவியலில் உளது. மருந்து பொருட்பாலின்கண் உளது. அவ்விரண்டும் ஓரிடத்து வைக்கப்படாமை கருதத்தக்கது. நாட்டுப்புறத்துத் தாய்மாரும் காய்ச்சலுற்ற குழந்தைக்கு உணவு நிறுத்தியவழி இலங்கணம் போட்டேம் என்பரேயன்றி விரதம் இருத்தினேம் என்னார். ஒரு செயலுக்கு இரு பெயரிட்டு வழங்கிய இப்பாகுபாடு நம்மவரது நுண்ணறிவைக் காட்டும். இன்றைய மயக்கம் அவ்விரு பெயரையும் ஒன்றாக்கியதனால் விளைந்தது.

மேனாட்டு வரலாறு

மேனாட்டிலும் உண்ணாமை நெடுங்காலம் சமய நெறியாகவே நின்றது. கிறித்தவர் தம் உயிர்ப்புப் பெருநாளுக்கு முன் 40 நாள் நோற்றல் யாவரும் அறிந்தது. உடல்நலத்தின்பொருட்டு உணவைக் குறைத்தலை அங்கு நூலாக எழுதிப் புகழ்பெற்றவருள் முற்பட்டவர் வெனிசு நாட்டுப் பெருஞ்செல்வர் உலூயிசி கார்னரோ என்பவர். மிகையான ஊணாலும் குடியாலும் நோயுற்று, மருத்துவர் சொற்படி நாளொன்றுக்கு 12 அவுன்சு உணவும் 14 அவுன்சு திராட்சை மதுவுமாக வரையறுத்துக்கொண்டு நலம்பெற்ற அவர், 1558-ஆம் ஆண்டில் பாதுவா நகரில் தம் நூலை வெளியிட்டார். சுற்றத்தார் வற்புறுத்தலுக்கு இசைந்து இரண்டிரண்டு அவுன்சு கூட்டியபோது நோயுற்றதனையும் அதன்கண் எழுதியுள்ளார். 1566-ஆம் ஆண்டில் முதிர்ந்த வயதில் அவர் காலமானார்.

உடல் எடையைக் குறைத்தலையே பொருளாகக் கொண்டு மக்களிடைப் பெரிதும் பரவிய நூல் இலண்டன் நகரத்து வில்லியம் பான்டிங் என்பவர் 1863-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு மடலாகும். அவர் உணவை முற்றும் விடுத்தவரல்லர்; மாவும் இனிப்பும் குறைத்தவர். ஆயினும் நிறைகோலின் எண்ணே நலத்திற்கு அளவுகோல் என்னும் எண்ணம் அம்மடலாற் பலர் உள்ளத்து வேரூன்றியது.

அமெரிக்காவில் உண்ணாமை முதலில் ஒரு காட்சிப்பொருளாயிற்று. 1880-ஆம் ஆண்டில் என்றி தானர் என்னும் மருத்துவர் நியூயார்க்கு நகரில் ஒரு மண்டபத்தில் 40 நாள் உண்ணாதிருந்தார், காவலர் சூழ்ந்திருந்தனர், மக்கள் திரண்டு வந்து நோக்கினர், செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதின. பென்சில்வேனியாவைச் சார்ந்த எட்வர்டு தூயி என்னும் மருத்துவர் காலையுணவை ஒழித்தலை 1900-ஆம் ஆண்டில் ஒரு நூலாற் பரப்பினார். இன்று நண்பகலளவும் உண்ணாதிருப்போர் அவர் வழியினர் எனலாம். புனைகதை ஆசிரியர் அப்டன் சிங்கிளேர் 1911-ஆம் ஆண்டில் உண்ணாமையாற் பிணி தீரும் என நூலியற்றினார்.

அதே காலத்தில் இதன் கொடிய பக்கமும் வெளிப்பட்டது. வாசிங்டன் மாநிலத்து ஒலாலா என்னும் ஊரில் உண்ணாமை மருத்துவ விடுதி நடத்திய இலிண்டா ஆசார்டு என்னும் மாது, தம்பால் வந்த செல்வப் பெண்ணொருத்தி பட்டினியால் இறந்தமைபற்றி 1912-ஆம் ஆண்டில் கொலைக்குற்றத்தின்பாற்பட்டுத் தண்டிக்கப்பட்டார். 1938-ஆம் ஆண்டில் அவரும் உண்ணாமை மேற்கொண்டிருந்தபோதே இறந்தார். உண்ணாமை எல்லா நோயையும் தீர்க்கும் என்னும் பற்று மருத்துவ அறிவின் இடத்தைக் கவர்ந்தவழி நேர்வது இது.

பின்னர் ஆராய்ச்சிக்கூடத்தார் இதனைக் கையேற்றனர். 1912-ஆம் ஆண்டில் பாசுடன் நகரத்துக் கார்னிகி ஊட்டவியல் ஆய்வகத்தில் மால்டா தீவினர் ஒருவர் 31 நாள் நீர் மட்டும் பருகியிருக்க, பிரான்சிசு பெனடிக்டு என்பார் அவருடைய மூச்சு, நாடி, சிறுநீர் முதலியவற்றை நாள்தோறும் அளந்து 1915-ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டார். 1946-ஆம் ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கார்ல்சன், ஓல்சல் என்னும் இருவர் எலிகளுக்குச் சில நாள் இடையிட்டு ஒருநாள் உணவை விலக்க, அவற்றின் வாழ்நாள் நீண்டதெனக் கண்டனர். 1965–66-இல் சுகாத்துலாந்து நாட்டுத் தண்டி நகரத்து மருத்துவர் மேற்பார்வையில் ஆங்கசு பார்பியேரி என்னும் இளைஞர் 382 நாள் உணவின்றி, உயிர்ச்சத்தும் உப்புக்களும் நீரும் முதலியன கொண்டு, 456 இராத்தலிலிருந்து 180 இராத்தலாக இளைத்தார். அக்காலத்து இம்முறையிற் பட்ட வேறு நோயாளர் சிலர் இறந்தமையும் மருத்துவ ஏடுகளிற் பதிவாயிற்று. அதனால் நீண்ட பட்டினி கைவிடப்பட்டது. 2012-ஆம் ஆண்டில் மைக்கேல் மோசிலி என்னும் மருத்துவக் கல்வியுடைய செய்தியாளர் பி.பி.சி. தொலைக்காட்சியில் இடையிட்ட உண்ணாமையைத் தம் உடலிற் செய்து காட்டி, அடுத்த ஆண்டு நூலும் வெளியிட, ஐந்து நாள் உண்டு இரண்டு நாள் சுருக்கும் முறை எங்கும் பரவியது.

ஆராய்ச்சி கண்டது

இம்முறையில் உடல் இளைத்தல் எவ்வாறு? உண்ட உணவிலிருந்து பெற்ற சர்க்கரையின் ஒரு பகுதியை ஈரல் சேமித்து வைக்கின்றது. உண்ணாது பல மணி கழிந்தபின் அச்சேமிப்புச் சுருங்கவே, உடல் தன் கொழுப்பைக் கரைத்து அதனை எரிபொருளாகக் கொள்கின்றது. இஃது உண்மை. ஆயினும் இரவெல்லாம் கரைந்த கொழுப்பு, உண்ணும் பொழுதில் மிகுதியாக உண்பானுக்கு மீண்டும் சேரும் என்பதும் உண்மை. ஆகலின் பொழுது வரையறுத்தலே இளைப்பிக்குமா, உணவின் அளவு குறைதலே இளைப்பிக்குமா என்பது ஆராயப்படவேண்டியதாயிற்று.

2017-ஆம் ஆண்டில் வெளிவந்த சிக்காகோ ஆய்வில் பருத்த உடலினர் 100 பேர் ஓராண்டு கண்காணிக்கப்பட்டனர். ஒருநாள்விட்டு ஒருநாள் உணவைச் சுருக்கினோரும், நாள்தோறும் சிறிது குறைத்தோரும் ஏறக்குறைய ஒப்பவே இளைத்தனர். முன்னையோருள் நூற்றுக்கு 38 பேரும் பின்னையோருள் நூற்றுக்கு 29 பேரும் இடையே விலகினர். 2020-ஆம் ஆண்டில் சான்பிரான்சிசுக்கோ நகரத்தார் 116 பேரை 12 கிழமை ஆராய்ந்தனர். நண்பகல் முதல் இரவு 8 மணிக்குள் மட்டும் உண்டோர் சராசரி ஒரு கிலோவிற்கும் குறைவாகவே இழந்தனர். மூன்று வேளையும் உண்டாரின் அவர் சிறப்புற்றிலர். 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த சீனத்துக் குவாங்சோ நகர ஆய்வில் 139 பேர் ஓராண்டு உணவின் அளவைக் குறைத்தனர். அவருட் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் உண்டோர் சராசரி 8.0 கிலோவும், பொழுது வரையறுக்காதார் 6.3 கிலோவும் இழந்தனர். அவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினது என ஆய்வாளர் முடிவு செய்தனர்.

இவற்றாற் போந்த பொருள் யாது? பொழுது வரையறுத்து உண்ணல், அளவு குறைத்து உண்டற்கு ஒரு துணை. அத்துணை சிலர்க்கு எளிது, சிலர்க்கு அரிது. இளைப்பிப்பது அளவே. நாள்தோறும் கவளம் எண்ணுதலினும் மாலைக்குப்பின் அடுக்களையை அடைத்தல் எளிதென்பார்க்கு இம்முறை நன்றேயாம். உடல் வலிமை வேண்டுவோர் இதனோடு உடலுழைப்பும் பருப்பு, பயறு, பால் முதலிய சத்துணவும் குறைவறக் கொள்ளல் வேண்டும். அல்லாக்கால் கொழுப்பொடு தசையும் கரையும். இன்சுலினும் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரைகளும் கொள்ளும் நீரிழிவு நோயினர், கருவுற்றார், பாலூட்டுவோர், வளரும் சிறார், மெலிந்த முதியோர், உணவுபற்றிய மனநோய் உற்றார் ஆகியோர் மருத்துவரை உசாவாது இதனை மேற்கொள்ளல் உயிர்க்கு இடராம்.

சப்பானிய அறிஞர் ஓசுமி 2016-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றமையை எடுத்துக்காட்டி, “நம் விரதத்திற்கே உலகம் பரிசளித்தது” என்று சொல்வார் பலர் உளர். அவர் ஆராய்ந்தது உயிரணு தன் பழுதுற்ற பகுதிகளைத் தானே சிதைத்து மீளப் பயன்கொள்ளும் முறை. உணவற்ற நொதிக்காளான் அணுக்களில் அவர் அதனைக் கண்டார். அது பேரறிவின் பயன் என்பதில் ஐயமில்லை. அதனை ஒரு நோன்பு நாளுக்குக் கிடைத்த சான்றாகக் கொள்ளுதல் அவ்வறிஞர் கூறாததை அவர்மேல் ஏற்றுதலாம்.

சித்தாந்த நோக்கு

இனி மேற்கூறிய இரு சாராருக்கும் சித்தாந்தம் கூறும் விடை யாதென ஆராய்வாம்.

உடலை இகழ்ந்து வெகுள்வார்க்கு முதலில் விடை கூறுவாம். ஆணவ இருளிற் கிடந்த உயிர் அறிவு விளங்கும்பொருட்டு இறைவன் தனு கரண புவன போகங்களை மாயையினின்றும் தோற்றுவித்துக் கூட்டுகின்றான். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் மாயையைப் பொழுது புலருமளவும் உதவும் விளக்கொடு ஒப்பித்தார். விளக்கு ஞாயிறன்று, ஆயினும் ஞாயிறு தோன்றுமளவும் அதன் திரியையும் நெய்யையும் பேணாதான் இருளிற் கிடப்பான். திருமூலரும் உடலை முதலில் இழிந்ததென எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே மேலான பொருளைக் கண்டமையால் அதனைப் பேணலானேன் என்னும் கருத்தைத் திருமந்திரத்து அருளினார். பருத்த உடலால் மூச்சிரைத்துத் திருக்கோயிலை வலம்வர மாட்டாதான், முழங்கால் நொந்து நிலம் தோய வணங்க மாட்டாதான், உணவு சுருக்கி உடலைச் செம்மை செய்துகொள்ளுதல் விளக்கினைத் துலக்குதலேயாம். அதனை இகழ்தற்கு நமக்கு நூற்சான்று இல்லை.

விரதமும் அதுவும் ஒன்றென மகிழ்வார்க்கு விடை வேறு. அவர் விரதத்தை உயர்த்துவதாக எண்ணி அதனைத் தாழ்த்துகின்றனர். காரணம் மூன்று.

ஒன்று, விரதத்தின் மெய்ம்மையை ஆராய்ச்சியின்மேல் நிறுத்தினால் ஆராய்ச்சி மாறுந்தோறும் விரதமும் ஆட்டங்காணும். 2012-ஆம் ஆண்டுச் செய்தியைக் கேட்டு “முன்னோர் வென்றனர்” என ஆர்த்தவர் 2022-ஆம் ஆண்டு ஆய்வைக் கேட்டு “முன்னோர் தோற்றனர்” எனல் வேண்டும். முன்னோர் அவ்வழக்கில் வாதியராகச் சென்றிலர். கண்ட உண்மைக்கேற்பக் கருத்தை மாற்றிக்கொள்ளுதல் மருத்துவ நூலுக்கு அழகு. விரதம் நிற்கும் நிலம் வேறு. அஃது இறைவன்பால் உள்ள அன்பு.

இரண்டு, பயன் மாறியவிடத்து நோற்பானுடைய நோக்கும் மாறுகின்றது. நிறைகோலை நோக்கி நோற்பவன் உள்ளத்தில் நிகழ்வது “யான் குறைத்தேன், யான் வென்றேன்” என்பது. நோன்பு எதனை மெலிவிக்க எழுந்ததோ அவ்வாணவ முனைப்பு இதனாற் கொழுக்கின்றது. உடல் இளைத்து யான் என்பது பருத்தல் விரதப்பயனாமோ? 1880-ஆம் ஆண்டில் நியூயார்க்கு மண்டபத்தில் மக்கள் கூட்டம் நோக்கியிருந்த உண்ணாமைக்கும், பழையாறையில் இறைவன் ஒருவனையே நோக்கியிருந்த உண்ணாமைக்கும் உள்ள வேறுபாட்டினை ஒப்பிட்டுணர்க.

மூன்று, இம்மயக்கம் நோயாளரைத் துன்புறுத்துகின்றது. விரதம் மருந்து என்று கேட்ட நீரிழிவு நோயினர் சிலர், மருந்தும் உண்டு உணவும் விடுத்து மயங்கி வீழ்கின்றனர். படி பல வகுத்த பெரியோர் இயலாதார்க்கு இடம் வைத்தே வகுத்தனர். அவர் வைத்த இடத்திற் பாலும் பழமும் கொண்டு வழிபடுவோன் விரதத்திற் குறைந்தவனாகான். அன்பு நிரம்பியவழி அவன் நிரம்பியவனே.

ஆதலின், உடல் இளைக்க வேண்டுவோர் அதனை இலங்கணமாகவே கொண்டு, அதற்குரிய மருத்துவர் சொற்படி, ஏனை நாட்களில் மேற்கொள்க. விரத நாளில் நிறைகோலை மறந்து திருக்கோயிலை நினைக. விரதத்தினால் உடலுக்கும் சிறிது நலம் விளையுமாயின் அது நெல்லுக்கு இறைத்த நீர் வரப்பிலும் கசிவது போலாம். அக்கசிவினை வேண்டி நீரிறைப்பார் இலர்.

முடிவாக ஒன்று. விடுத்த உணவு எங்குச் செல்கின்றது? இளைக்க விரும்புவான் விடுத்த உணவு அவன் அடுக்களையிலேயே கிடக்கும். அன்றி மறுவேளையில் அவன் வயிற்றையே சேரும். விரதி விடுத்ததற்கோ ஓர் இடம் உண்டு. பசியைப் பொறுத்தல் தவத்தோர்க்கு வலிமையே எனினும், பிறர் பசியை மாற்றுவோர் வலிமைக்கு அது பிற்பட்டது என்பது வள்ளுவர் துணிபு. இளையான்குடிமாற நாயனார் மழை பொழியும் நள்ளிரவில் தாம் பசித்திருந்தும் அடியார்க்கு அமுது படைத்தற்பொருட்டு, விதைத்த நெல்லை வயலில் வாரிக் கொணர்ந்தார். உபவாசம் என்னும் சொல் விருந்து உண்ணாமுன் தான் உண்ணாமையிற் பிறந்தது என மேலே கண்டோம். பாரணைப்பொழுதில் அடியார் ஒருவர்க்கேனும் பசித்தார் ஒருவர்க்கேனும் முன்னர் இட்டுப் பின்னர்த் தான் உண்ணும் வழக்கத்தை ஒவ்வொரு சைவ இல்லத்தாரும் மேற்கொள்வாராயின், தம் நோன்பு உடலிளைப்பின் வேறாதலை அவ்வொரு பிடி சோற்றாலேயே உணர்வர்.

திருச்சிற்றம்பலம்.